இரண்டாவது தடத்தில் ஒரு பட்டை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்குச் செய்தி வந்தது. மதுரை மருத்துவமனையிலிருந்து என் மனைவி செலினின் அப்பா, அவள் ஆராய்ச்சி செய்த பல்கலைக்கழகத் துறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். அவளுடைய விடுப்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். பேராசிரியர் ரிசீவரை வாங்கிக் கேட்டார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, பிள்ள போயிருச்சு" என்றார் மாமா.

எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தேன். அதனால் நேரம் மட்டும் தெரியும். அன்று நடந்த மற்றது எதுவும் ஒழுங்காக நினைவில் இல்லை.

அடுத்த அறையில் ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் என் மனைவி கடைசியாகச் செய்த சோதனையின் எக்ஸ்ரே படம், கறுப்புப் பையில், கழுவப்படாமல் கிடந்தது. அதில் என்ன விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று துறை நண்பர்கள் நீங்கள் கேட்டபோது, அந்தப் படத்தைப் பற்றி மட்டும்தான் என்னால் எழுத முடியும் என்று தோன்றியது. மற்றதை எழுத இப்போது தெம்பு இல்லை.

அவளோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். எங்கள் இருவீட்டுச் சொந்தங்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், அவள் எதைத் தேடினாள் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும். ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதன் நகல் ஆர்.என்.ஏ.வாக எழுதப்படும். அந்த நகலைப் படித்துத்தான் உயிரணு புரதத்தைச் செய்யும். சில சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து எந்தப் புரதமும் வராது. அவை நகலின் தொடக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நகலைப் படிக்க வரும் இயந்திரத்துக்கு உட்கார இடம் இருக்காது. மரபணு அப்படியே இருக்கும், அதன் வேலை மட்டும் நின்றுவிடும்.

செலின் எடுத்துக்கொண்டது ஒரு குடல் பாக்டீரியாவில் இருக்கும் துண்டை. அது தன் இலக்கான நகலோடு முழுக்கப் பொருந்தாது. இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து சேர்ந்து வந்து, நடுவில் ஓரிடத்தில் சேராமல் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு வெறும் குறையா, இல்லை அதற்கு ஒரு வேலை இருக்கிறதா? இந்தக் கேள்வியோடுதான் நான் ஒரே வீட்டில் குடியிருந்தேன்.

"முழுசாப் பொருந்தினா இன்னும் நல்லாத்தானம்மா ஒட்டும்?" என்று பேராசிரியர் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சார், எங்க கல்யாணத்துக்கு ஜாதகமே பாக்கல. இவுக வீட்டுல கோயிலு, எங்க வீட்டுல சர்ச்சு. பொருந்தாத எடத்துலதான் சார் பிடியே இருக்கு."

"அது கல்யாணம். இது கெமிஸ்ட்ரி."

"ரெண்டுலயும் சூடு கூடுனா பிரிஞ்சிரும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புடைப்பைச் சரிசெய்து முழுப் பொருத்தம் உள்ள துண்டு ஒன்றைத் தானே உண்டாக்கப் போவதாகவும், அது ஒட்டாமல் போவதைப் படத்தில் காட்டப் போவதாகவும் சொன்னாள். அப்படிச் சரிசெய்த துண்டு தன்மேலேயே மடங்கிப் பூட்டிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. கதிரியக்கம் ஏற்றிய துண்டுகளைக் கூழில் தனித்தனித் தடமாக மின்சாரத்தில் ஓட்டினால், அவை நின்ற இடம் எக்ஸ்ரே படத்தில் கறுப்புப் பட்டையாக விழும்; இலக்கோடு ஒட்டியது மேலே தங்கும், ஒட்டாதது கீழே ஓடும். அதன் பிறகு துறையில் எல்லோரும் அதை 'செலின் புடைப்பு' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

துறையில் கிருமி நீக்கும் கொதிகலன் கெட்டுப்போன மாதம் அவள் சொட்டுக்குழாயின் பிளாஸ்டிக் முனைகளை டப்பாவில் அடைத்து, கோட்டையூரில் எங்கள் வீட்டுக் குக்கரில் வைத்து அவித்தாள். அம்மா உதவிக்குக் கை நீட்டியதும், "தொடாதீக அத்தை!" என்று கத்திவிட்டாள். அம்மா அன்று சாப்பிடவில்லை. "ஏன்டாப்பா, வேதக்காரப் பிள்ளைக்கு நம்ம தீட்டாடா? என் வீட்டு அடுப்படியில என்னையவே தொடாதங்குது" என்று என்னிடம் அழுதார்.

செலின் வந்து அம்மா எதிரில் உட்கார்ந்து தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "எல்லாத்து கை வேர்வையிலயும் ஒரு கத்தி இருக்கு அத்தை. நான் வச்சிருக்கிற சாமான அது நறுக்கிப் போட்டுரும். உங்க கை, என் கை, போப்பாண்டவர் கை, எல்லாம் ஒண்ணுதான்."

"போப்பாண்டவரு உன் டப்பாவத் தொட இங்குட்டு வரப்போறாராக்கும்" என்றார் அம்மா. பிறகு சாப்பிட்டார். அதற்கப்புறம் யார் அடுப்படிக்குள் வந்தாலும், "அங்குட்டே நில்லுங்க, கையில கத்தி இருக்கு" என்று அம்மாதான் விரட்டினார்.

அவளுக்கு அடுத்துச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி தேன்மொழி, கருத்தரங்குக்குக் கொண்டுபோகும் சோதனைப் போட்டோவில் சரியாக விழாத ஒரு தடத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். செலின் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டாள். "புடிச்ச மாதிரி வந்தா மறுபடி பண்ணிப் பாருடி. புடிக்காத மாதிரி வந்தா அன்னிக்கே சொல்லிரு" என்றாளாம். இதை என்னிடம் சொன்னது தேன்மொழிதான், அடக்கத்துக்கு வந்தபோது.

செலின் தலைவலி என்றுதான் படுத்தாள். மதுரைக்குக் கொண்டுபோனபோது மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். பேச்சு இருந்த கடைசி நாளில், "படத்த எடுத்துட்டீகளா?" என்று கேட்டாள்.

"அது ஃப்ரீசர்லதானே இருக்கு. எங்க போகப்போகுது?"

"கரண்ட்டு போகுமே."



அடக்கம் முடிந்து பல நாள் கழித்துத்தான் துறைக்குப் போனேன். இருட்டறையில் சிவப்பு விளக்கு. தேன்மொழி தட்டில் மருந்தை ஊற்றினார். படத்தை நான் இறக்கினேன். முதல் தடத்தில் இயற்கையான துண்டு. அது இலக்கோடு ஒட்டியதால் மெதுவாக நகர்ந்து, மேலே பட்டையாக நின்றது. இரண்டாவது தடம், செலின் சரிசெய்த துண்டு. அது ஒட்டாமல் கீழே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மேலே, முதலாவதற்கு நேராக, அதே அளவு கறுப்பாகப் பட்டை வந்தது.

தேன்மொழி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அண்ணே, படம் ரொம்ப நாள் கெடந்துருச்சு. கறுத்துப்போச்சுன்னு சொல்லிருவமா?" என்றார்.

நான் படத்தை உலரக் கொடியில் மாட்டினேன். அவரே மிச்சமிருந்த துண்டை வைத்து மறுபடி செய்தார். மறுபடியும் அப்படியே வந்தது. அந்த இரண்டாவது படத்தை என்னிடம் கொடுத்தபோது அவர் கண் வீங்கியிருந்தது.

இரங்கல் கூட்டத்தில் பேராசிரியர், செலின் தன் கருத்தை நிரூபிக்கும் தறுவாயில் இருந்தாள் என்று பேசினார். அன்பினால் பேசினார். முன்வரிசையில் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் என் தோளில் கை வைத்து, "மலர்ல படத்தப் பத்தி வேண்டாமேப்பா. அந்தப் பிள்ளைக்கு இனிமே பதில் சொல்ல வாயில்ல" என்றார்.

நேற்று மாமா கூப்பிட்டார். படத்தில் வந்ததை எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். "மாப்பிள்ளை, எல்லாம் எழுதுங்க. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்களேன். எம்பிள்ள தோத்துப்போச்சுன்னு எதுக்கு அச்சுல ஏத்தணும்?"

அந்த வரி இதுதான். புடைப்பு இல்லாவிட்டாலும் துண்டு தன் இலக்கோடு ஒட்டுகிறது. ஒட்டுவதைப் பொறுத்தவரை செலின் நினைத்தது தவறு. புடைப்புக்கு வேறு வேலை இருக்கலாம், ஒட்டிய பின் நகலை அடக்குவதில் அதற்குப் பங்கு இருக்கலாம். அதை இந்தப் படம் சொல்லாது. அவள் இருந்திருந்தால் அடுத்த நாள் அதைத்தான் ஆரம்பித்திருப்பாள். இப்போது தேன்மொழி ஆரம்பித்திருக்கிறார்.

அவளிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ஒரு சொல். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்று, அன்றைய முடிவை முதலில் சொல்வாள். "இன்னிக்கு வரல. காபி இருக்கா?" பெரும்பாலான நாள் அதுதான். 'வரல' என்பதை அவள் ஒரு வெட்கமும் இல்லாமல், மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொல்வாள். சொன்ன பிறகுதான் உள்ளே வருவாள். அவளுக்காக அதை இந்த ஒரு தடவை நான் சொல்லியிருக்கிறேன்.

மாமா இன்றைக்கும் கூப்பிடுவார். அவர் அழுதால் வரியை எடுத்துவிடுவேன். தொலைபேசியின் வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.