கன்செஷன் கார்டு வரிசையில் செலின் அக்கா

பல்கலைக்கழகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் கூடுதல் விடைத்தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்போன் ஸ்டாஃப் ரூமில் கிடந்தது. அலுவலக உதவியாளர் மணியன் அண்ணன் வாசலில் வந்து நின்று கையசைத்தார். அருகே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "செலின் மிஸ் போயாச்சு டீச்சர். காரக்கோணம் ஆஸ்பத்திரியில வச்சு. இப்பந்தான் அவியளுக்க தம்பி போன்ல விளிச்சாரு. பரீட்சை முடியட்டு, பிள்ளையளுக்குத் தெரியாண்டாம்." மணி அடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தேன். அவர்களில் எத்தனை பேர் அவர் அறைக்குப் போனவர்கள் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதுதான் செலின் அக்காவின் வேலை.

அவரை அறிந்து, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்கு அந்த அறையின் கதை நினைவிருக்கும். கேரள எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு அவர் மனநல ஆலோசகராக வந்தபோது, பிரின்சிபால் தன் அறைக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினார். வாசலில் பெரிய எழுத்தில் பலகையும் மாட்டினார்கள். முதல் மாதத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஜெராக்ஸ் எங்கே எடுப்பது என்று கேட்க வந்தவர். மற்றவர் மின்விசிறியைப் பழுது பார்க்க வந்தவர்.

இரண்டாம் மாதம் செலின் அக்கா பிரின்சிபாலிடம் போய், மாணவர்களுக்கு பஸ் கன்செஷன் கார்டு கொடுக்கும் வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டார். அலுவலகத்தில் எல்லோரும் தட்டிக்கழித்த வேலை அது. உடனே கொடுத்துவிட்டார்கள். அறையும் கேன்டீனுக்குப் போகும் வழிக்கு மாறியது. பலகையை அவரே கழற்றினார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. படித்த படிப்பென்ன, செய்யும் வேலையென்ன என்று நானே கேட்டேன்.

"வரிசையில நிக்க பிள்ளையளைப் பாத்து, யாரு கார்டுக்கு வந்தா, யாரு அழுகதுக்கு வந்தான்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. அதாக்கும் எனக்கு வேணும்" என்றார்.

வரிசை நீண்டது. கார்டில் முத்திரை குத்திக்கொண்டே, "சாப்பிட்டியா மக்கா? உறக்கம் உண்டா?" என்று கேட்பார். பெரும்பாலோர் "உண்டு மிஸ்ஸே" என்று போய்விடுவார்கள். பதில் சொல்லாமல் நிற்பவர்களுக்கு உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளமும் ஆங்கிலமும். எதில் பேசுவது என்று திணறினால், "ஒனக்கு அழுகை எந்தப் பாஷையில வருதோ, அதுலயே பேசு" என்பார்.

நான் கணிதம் நடத்துகிறவள். முதுகலை வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாணவி திடீரென வகுப்புக்கு வராமலானாள். வந்த நாளிலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், "படிக்க மனசில்லன்னா இடத்தைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போனாள். அன்று மாலை செலின் அக்கா என் மேசைக்கு வந்தார். திட்டவில்லை. கதவுக்குப் பக்கத்து இருக்கையை அவளுக்கு ஒதுக்க வேண்டும், மூச்சு முட்டினால் கேட்காமலேயே வெளியே போய் வர அவளை விட வேண்டும், இவ்வளவுதான் கேட்டார்.

"அவளுக்கு என்னதான் பிரச்சினை?" என்றேன்.

"அது அவ எங்கிட்ட சொன்னது. அவளுக்கு மட்டும் உள்ளதாக்கும்."

"நான் அவளுக்கு டியூட்டர் அக்கா. எனக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரியாமலே நல்லது செய்ய ஒனக்கு முடியாதா பிள்ளே?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் கதவோரத்து இருக்கையை ஒதுக்கினேன். மூன்றாம் நாள் அவள் வந்து அதில் உட்கார்ந்தாள்.

மருத்துவரைப் பார்க்க அவளே ஒப்புக்கொண்ட பிறகும் வீட்டில் தடை இருந்தது. அவள் அப்பா பழைய மிஷன் சபை ஒன்றில் பொறுப்பில் இருந்தவர், நல்ல மனிதர். உபவாசமிருந்து ஜெபித்தால் சரியாகிவிடும் என்று உறுதியாக நம்பினார். மகளின் சம்மதத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செலின் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு பெருங்கடவிளைக்கு அருகிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் போனார். அப்பா பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்: "நீங்க பிரஷருக்கு மாத்திரை திங்கிறியளா?" அவர் ஆமென்றார். "ஜெபம் பண்ணியிட்டுத்தானே திங்கிறிய? இவளுக்கும் அப்படியே குடுங்க. ஜெபத்தை நிறுத்த நான் சொல்லல்ல." அப்பா மகளைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு நானும் வாறேன் மக்கா" என்றார்.

வருகைப்பதிவு குறைந்ததால் அவள் தேர்வெழுத முடியாத நிலை வந்தது. அதைப் பற்றிப் பேசிய ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர், என்ன நோய் என்று சொன்னால் பரிசீலிக்கலாம் என்றார். செலின் அக்கா மருத்துவச் சான்றிதழை நகர்த்தி வைத்து, "டாக்டர் ஒப்பு போட்டிருக்காரு. இதுக்கு மேல நம்ம யாருக்கும் தெரியாண்டாம்" என்றார். அந்தப் போராட்டத்தில் அவர் ஜெயிக்கவில்லை. அவள் அடுத்த ஆண்டு, தன்னைவிட இளையவர்களோடு உட்கார்ந்து எழுதினாள். இன்று அவளும் ஆசிரியை. அவளைக் கேட்ட பிறகே இதை எழுதுகிறேன். "எழுதுங்க மிஸ், பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

இனி எழுதப்போவதை வெகுகாலம் யாரிடமும் நான் சொன்னதில்லை. என் கணவர் இறந்த அடுத்த ஆண்டு, நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். வகுப்புக்குப் போனேன், விடைத்தாள் திருத்தினேன். ஆனால் கரும்பலகையில் நானே எழுதிய கணக்கு எனக்குப் புரியாமல் போகத் தொடங்கியது. ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நேராகச் செலின் அக்காவின் அறைக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

"நான் ஒனக்க கூட்டுக்காரியாக்கும். ஒனக்கு நான் கவுன்சலர் ஆவ முடியாது. வேற ஒரு டாக்டரு உண்டு. திருவனந்தபுரத்துல. நானும் அவியகிட்டதான் போறேன்."

"நீங்களா?"

"பின்ன? நாள் முழுக்க கேக்கியதை எல்லாம் நான் எங்க கொண்டு வைக்க?"

மாதம் ஒரு சனிக்கிழமை அவர் பஸ் ஏறிப் போவது உறவினர் வீட்டுக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பாலராமபுரம் தாண்டியதும் எனக்குப் பயம் பிடித்தது, இறங்கிவிடலாம் என்றேன். என்ன சொல்லித் தேற்றுவார் என்று பார்த்தேன். அவர் தன் ஊரைப் பற்றிப் பேசினார். அவருடையது கடற்கரைக் குடும்பம். தம்பிகள் இன்றும் கடலுக்குப் போகிறவர்கள். "எங்க கரையில ஒரு வள்ளம் வர பிந்தினா யாரும் அந்த வீட்டுக்காரிக்கு அட்வைஸ் பண்ண மாட்டாவ. கூடப் போய் மணல்ல நிப்பாவ. அவ்வளவுதான். படிச்சதெல்லாம் அதுக்குப் பெறவுதான்" என்றார். இறங்கும் இடம்வரை என் கையை விடவில்லை.

எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். கணக்கு திரும்ப வந்தது. அப்போது யாருக்கும் தெரியாது, அவரைத் தவிர.

அவருடைய நோய் சிறுநீரகத்தில். மறைக்கவில்லை, பெரிதாகப் பேசவுமில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, பிள்ளைகள் கேட்டால் ஏதோ பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைக்கவா என்றேன். "எதுக்கு? சுகமில்லன்னு சொல்லு. சுகமில்லன்னு சொல்லதுக்கு வெக்கப்படாண்டாம்னு நான் தானே இத்தனை வருஷம் சொன்னேன்" என்றார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

கடற்கரைக் கல்லறையில் அவரை அடக்கம் செய்த அன்று பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். யாரும் யாரிடமும் எப்படிப் பழக்கம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, சுகமில்லை என்று சொல்ல வெட்கப்படாமை. அது தானாக வரவில்லை. அவர் போன பிறகு கஷ்டப்பட்டு எடுத்துக்கொண்டேன். இந்தக் கல்வியாண்டின் முதல் வகுப்பில், பாடத்திட்டத்தைச் சொல்லி முடித்த பிறகு, "நான் எட்டு மாதம் மனநல மருத்துவரிடம் சிகிச்சை எடுத்தவள்" என்று சொன்னேன். மணி அடித்ததும் எல்லோரும் கலைந்தார்கள். ஒருத்தி மட்டும் பையை மூடுவதும் திறப்பதுமாக நின்றாள்.

"மிஸ்ஸே, அந்த மாத்திரை தின்னா படிக்க முடியுமா?"

"நான் அதைத் தின்னுக்கிட்டுதான் உங்க சீனியர்களுக்குப் பாடம் எடுத்தேன்."

அவள் அழத் தொடங்கினாள். புதிதாக வந்திருக்கும் ஆலோசகர் மதியம்வரை இருப்பார் என்று சொன்னேன். இப்போதே போகலாமா என்று கேட்டாள். அடுத்த வகுப்புக்குத் தாமதமாக வருவேன் என்று மணியன் அண்ணனிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அவளோடு நடந்தேன்.