பத்தாவது வீட்டுக்கு மட்டும் ஏன் போனாய்?

இன்று கம்பம் ஊரில் ஒரு தெருவில் எச்.ஐ.வி. பற்றிய சர்வே. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் கேட்டால் போதும். அதுதான் எங்கள் ஆய்வின் விதி.

கேள்வி ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த நோய் இருந்தால் அவரோடு பழகுவீர்களா?

பத்தாவது வீட்டு அக்கா யோசிக்கவே இல்லை. "பழகாம? அவுகளும் மனுசருதான!"

மனம் குளிர்ந்து எழுந்தேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டார்.

"ஆத்தா, நாளைக்கு எம்மகளைப் பொண்ணு பாக்க வாராக. எங்க வீட்டுக்கு மட்டும் எய்ட்ஸ் ஆபீஸ்காரவுக வந்தாகன்னு தெருவே பேசும். எல்லா வீட்டுக்கும் போயிட்டுப் போ."

விதியாவது ஒன்றாவது. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் டீ. எல்லா வீட்டிலும் அதே பதில்: "அவுகளும் மனுசருதான!"

ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்தது. விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அண்ணன் மொபெட்டில் விரட்டி வந்தார்.

"ஏம்மா, எல்லாரையும் கேட்டுட்டு எங்க வீட்ட மட்டும் விட்டுட்டியாமே? அப்ப எங்களுக்குத்தான் இருக்குன்னு அங்கன பேசிக்கிறாக!"

"அண்ணே, வீடு பூட்டியிருந்துச்சு..."

"இங்கனயே கேளு. சத்தமா கேளு."

கேட்டேன். தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. அண்ணன் அவர்களைப் பார்த்தே பதில் சொன்னார்: "பழகுவோம்! அவுகளும் மனுசருதான!"

ஆக, அந்தத் தெருவில் பாகுபாடு துளியும் இல்லை. அறிக்கையில் அப்படித்தான் வரும்.

அடுத்து உங்கள் தெருதான். முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டட்டும்?