தள்ளி வைத்த சுவர்

மதியச் சாப்பாட்டுக்குப் பின், பிஷப் வசிக்கும் ஆயர் இல்லத்தில் ஈகூடக் கொட்டாவி விடும். டைப்பிஸ்ட் அம்மாள் மெஷினில் விரலை வைத்தபடியே கண்ணயர்வார். அந்தக் கால் மணி நேரத்தில் தவறாமல் அதே கனவு. கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி, தூறும் மழையில் அவர் மகள் வாசலைத் தேடி நடப்பாள். பிறந்து ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்காதவள், கனவில் மட்டும் வருடத்துக்கு வருடம் வளர்ந்தாள். இப்போது அவளுக்கே மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குச் சுவருக்குள் இடமில்லை என்று நாற்பது வருடத்துக்கு முன் ஓர் இளம் சாமியார் சொன்னார். அம்மாளின் கணவர் குழந்தையைச் சுவருக்கு வெளியே புதைத்தார். அதே சாமியார்தான் பின்னாளில் ஆயராக வந்து சேர்ந்தார். அவருக்கு அம்மாளை அடையாளம் தெரியவில்லை. அம்மாள் வேலையை விட்டுவிடத்தான் நினைத்தார்.

ஆனால் வந்த வாரமே மனிதர் திருப்புளியோடு பேராலயத்துக்குள் போனார். முன்வரிசைப் பெஞ்சுகளில் பெரிய வீட்டுக்காரர்கள் பதித்திருந்த பெயர்த்தகடுகளைத் தன் கையாலேயே கழற்றினார். ‘திருப்புளி ஆயர்’ என்று ஊர் பட்டம் கட்டியது. அப்புறம் அவருடைய சிம்மாசனம் சாமான் அறைக்குப் போனது. பெண்கள் பீடமேறி வாசகம் வாசித்தார்கள். பங்குக் கூட்டத்தில் சாமியார்கள் முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு. மூத்தவர்கள் பல்லைக் கடித்தார்கள், அம்மாள் அதைச் சிரித்துக்கொண்டே டைப் அடித்தார். பத்தொன்பது வருடம் இப்படி ஓடியது. கோபம் எப்போது கரையத் தொடங்கியது என்று அம்மாளுக்கே தெரியாது. முழுதாகக் கரையவும் இல்லை.

ஓய்வுக்கு நான்கு நாள் இருக்கையில் ஆயர் கடைசி உத்தரவை எழுதித் தந்தார். இனிமேல் ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகளையும் சுவருக்குள் அடக்கம் செய்யலாம். அம்மாளின் கை பாதியில் நின்றது. இனிமேல் என்றால், ஏற்கெனவே வெளியே கிடப்பவள்? அடுத்து வருகிறவர் இதைத் தொடவே போவதில்லை. இத்தனை வருடத்தில் ஒரு கமாவைக்கூட மாற்றாதவர், காகிதத்தை உருவிக்கொண்டு ஆயர் அறைக்குப் போனார்.

“ஆண்டவரே, முன்னாடியே வெளிய வச்சவங்கள என்ன பண்றது?”

“அங்க யாரு இருக்காங்கன்னு பதிவே இல்லையேம்மா.”

“ஒருத்தி இருக்கா. என் பொண்ணு.”

ஆயர் பேனாவைக் கீழே வைத்தார். “உள்ள விடமாட்டேன்னு சொன்ன சாமியார் யாரு?”

சொல்லாமல் விட்டால் கிழவர் நிம்மதியாக ஓய்வுக்குப் போவார்.

“நீங்கதான்.”

“சட்டம்னு சொல்லியிருப்பேன்” என்றார் ஆயர்.

“சொன்னீங்க. மழை பெய்யுதுன்னு குடையும் குடுத்தீங்க.”

ஆயர் அழுதார். மறைக்கவில்லை. பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்தார். “யாரையும் தோண்ட வேண்டாம். அதுங்க தூங்கட்டும். சுவரத் தள்ளிக் கட்டுவோம்.”

மூத்த சாமியார்கள் குதித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சுவர் விழுந்தது. திருப்புளி போதாதென்று கடப்பாரையால் முதல் செங்கலை அவரே பெயர்த்தார்.

கடைசி நாள் காலையில் அடக்கப் பதிவேட்டை விரித்து வைத்துப் பெயர் கேட்டார். நாற்பது வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயரை அம்மாள் மெதுவாகச் சொன்னார். ஆயர் எழுதினார். குறிப்புக் கட்டத்தில், “நாற்பது வருடத் தாமதம். காரணம் நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமும் கனவில் மழை பெய்தது. மகள் வாசலைத் தேடவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.