கேளாத சம்பளம்

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கடந்தும் என் சம்பளம் எவ்வளவு என்று என் கணவர் ஒரு முறையேனும் கேட்டதில்லை. அது அக்கறையின்மை அன்று. மனைவியின் சம்பளத்தைக் கேட்பது ஆண்மகனுக்கு அழகில்லை என்பது அவர் பிறந்த திருவரங்குளத்து வீட்டின் வழக்கம். மருமகள் ஈட்டுவது மருமகளுக்கே உரியது. அதன்மேல் கண் வைத்தவன் என்று ஊர் ஒருவனைப் பேசிவிட்டால் அச்சொல் எளிதில் அழியாது. நானும் சொன்னதில்லை. கேளாதவரிடம் வலியச் சொல்வது பெருமை பேசுவதாகிவிடும் என்றொரு கூச்சம்.

நாங்கள் குடியிருப்பது கீரனூரில். இங்குள்ள தனியார் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். அவர் திருச்சியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்தார். காலைப் பேருந்தில் போனால் இருட்டிய பின்பே திரும்புவார். சென்ற தை மாதம் பெங்களூரு நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு அழைத்தது. சம்பளம், அப்போது வாங்கியதைப் போல் இரு மடங்கு. ஒரு வாரத்துக்குள் விடை சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு அவர் கணக்கிடத் தொடங்கினார். பொங்கல் முடிந்து வந்திருந்த அவருடைய தங்கை எதிரே அமர்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் முறை எளியது. வீட்டுச் செலவுக்கென மாதந்தோறும் என்னிடம் தரும் தொகையை எடுத்து ஒன்றரையால் பெருக்கினார். அதனுடன் பெங்களூரு வாடகையைக் கூட்டினார். புதிய சம்பளத்திலிருந்து கழித்தார். எஞ்சியது கண்ணைப் பறித்தது.

“ரெண்டு வருஷத்துல ஒரு எடம் வாங்கிப் போட்றலாம்” என்றார்.

தங்கை தலை நிமிராமல் கேட்டாள்: “அண்ணே, பாலு லிட்டர் என்ன வெலைங்க?”

“ஏன், ஒரு முப்பது இருக்குமா?”

“அது நீங்க காலேஜ் படிச்சப்ப. அண்ணி, இவுகள ஒருநா கடைக்கு அனுப்புங்க. அப்பறம் பெங்களூரு போகலாம்.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் என் பார்வை திரையை விட்டு அகலவில்லை. அக்கணக்கில் என் பணி எந்த வரியிலும் இல்லை. கூட்டப்படவும் இல்லை, கழிக்கப்படவும் இல்லை. நாங்கள் இடம்பெயர்ந்தால் நான் வகுப்பறையை விட்டு வெளியேறுவேன்; அவ்வெளியேற்றத்தால் எதுவும் குறையாது என்பதே அந்தத் திரை சொன்னது. சில்லறைச் செலவுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆண்டுதோறும் எனக்காகக் காத்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்பை நான் ஓசையின்றி இழக்கவிருந்தேன்.

“நீங்க குடுக்குறது இருவதாந்தேதியோட தீந்துரும்ங்க” என்றேன்.

அவர் விரல்கள் நின்றன. “அப்பறம்?”

“அப்பறம் நான்தான்.”

எரிவாயு, பால், மளிகையில் பாதி, அவர் சட்டைகள் சில. மகளின் பள்ளிக் கட்டணத்தையும் சொன்னேன். அது குறைவாக இருப்பதற்குக் காரணம் பள்ளியின் தாராளம் அன்று; ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பது அங்கே விதி. நான் அங்கில்லாவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சினம் வரும் என்று எதிர்பார்த்தேன். வெட்கம்தான் வந்தது.

“கேட்டா தப்பா நெனைப்பியோன்னு இருந்துட்டேன்” என்றார். பின்பு குரலைத் தாழ்த்தி, “எவ்வளவும்மா வாங்குற?” என்றார்.

தங்கை சட்டென எழுந்தாள். “நான் இந்தத் தோல மாட்டுக்குப் போட்டுட்டு வாரேன்.”

“போ. காத மட்டும் இங்கிட்டு வச்சுட்டுப் போயிறாத” என்றார் அவர்.

தொகையைச் சொன்னேன். அவர் அதைக் கீரனூர் வரவில் ஒரு புதிய வரியாக இட்டார். பெங்களூருச் செலவுகளும் திருத்தப்பட்டன. எஞ்சியது சுருங்கிச் சுருங்கி, திருச்சிக்குப் பேருந்தில் போய்வந்து நாங்கள் மிச்சம் பிடித்ததைக் காட்டிலும் சற்றே கூடுதலாக நின்றது. பெங்களூரு வீட்டின் உரிமையாளருக்குத் தர வேண்டிய பல மாத வாடகை முன்பணமே அந்தக் கூடுதலை ஓராண்டுக்கு விழுங்கிவிடும்.

அழைப்பை அவர் மறுத்துவிடுவார், அந்தப் பழி என்னைச் சேரும் என்று அஞ்சினேன். அந்த வேலையின் மீது அவருக்கிருந்த விருப்பம் நான் அறியாததா? சிறிய நிறுவனத்தில் அவர் கற்க இனி எதுவும் இல்லை. அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “ஒனக்கும் அங்க வேலை கெடைச்சா?” என்று கேட்டார்.

“தமிழுக்கா? பெங்களூருலயா?”

“ஏன், அங்கிட்டு நம்ம ஆளுக இல்லையா, பிள்ளைக இல்லையா?”

மறுநாளே அந்த நிறுவனத்துக்கு எழுதினார்: மனைவி ஆசிரியர், கல்வியாண்டு முடிந்த பிறகே சேர இயலும். இசைய மாட்டார்கள் என்றே இருவரும் எண்ணினோம். ஜூன் மாதம் சேரலாம் என்று இரண்டே வரிகளில் விடை வந்தது.

நான் சில பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை. மாசி இறுதியில், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. இணையவழியில் நான் நடத்திக் காட்டிய பாடம் பிடித்திருக்கிறது என்று அதன் முதல்வர் கன்னடச் சாயல் கலந்த தமிழில் சொன்னார். சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றார். அருகே அவர், என் கணவர், சன்னல் கம்பியில் எதையோ ஆராய்வதுபோல் நின்றிருந்தார். நான் வாங்கியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் சொன்னேன். பேசிக்கொள்ளலாம், பங்குனியில் நேரில் வாருங்கள் என்றார் அந்த அம்மையார்.

அழைப்பு முடிந்ததும் அவர் திரும்பினார். “ஏம்மா, இன்னுங் கொஞ்சம் கூட்டிச் சொல்லிருக்கலாம்ல?”

“நேர்ல போறோம்ல. அப்பக் கேக்குறேன்” என்றேன்.