விலகியோர் பட்டியலில் கடைசிப் பெயர்

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வாதாட எனக்குத் தெம்பில்லை.

நான் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அன்று இரவு நாற்பது புதிய சர்வர்களை விடிவதற்குள் தயாராக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு என் மனைவிக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட நான் போயாக வேண்டும். தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஒவ்வொன்றாகக் கையால் செய்தால் தாவு தீர்ந்துவிடும். எங்களிடம் இலவசமான திறமூல மென்பொருள் ஒன்று இருந்தது. செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தால் நாற்பதிலும் அதுவே செய்யும். செய்தால் மஞ்சள் காட்டும். ஏற்கெனவே செய்திருந்தால் பச்சை காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

அதைக் கொண்டுவந்தவர் மாமா. அலுவலகம் முழுக்க அவர் மாமாதான். "வேலை எங்கயும் ஓடிடாது, வீட்டுக்குக் கிளம்புடா" என்பார். ஊருக்குத்தான் உபதேசம். மூன்று மாதத்துக்கு முன், நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். டாக்டர் குறித்த நேரம், அதிகாலை 2:10.

1:50. முதல் கட்டத்தை ஓட்டினேன். நாற்பதும் பச்சை.

அன்றுதான் பெட்டியிலிருந்து பிரித்த மெஷின்கள்! தூக்கக் கலக்கம் என்று முகம் கழுவி வந்தேன்.

2:20. இரண்டாம் கட்டம். மறுபடியும் பச்சை.

வாசல் காவலாளிக்குப் போன் செய்தேன்.

"மேல வேற யாராவது இருக்காங்களா?"

"நீங்க மட்டும்தான் சார்."

2:31. சோதித்துப் பார்க்க, என் மகளின் செல்லப்பெயரில் ஒரு கோப்பை உருவாக்கச் சொன்னேன். அங்கே யாருக்கும் தெரியாத பெயர்.

பச்சை…

யார் செய்தது என்று தேடினேன். மாமாவின் லாகின் கணக்கு. அதை நீக்கியவனே நான்தான்.

பின்னால் டக்… டக்… கீபோர்டுச் சத்தம். திரும்பினேன். யாருமில்லை.

கடைசிக் கட்டம் பாக்கி. வேலையை விட்டவர்களின் பட்டியலை நாற்பதிலும் ஏற்ற வேண்டும். அதில் பெயர் இருந்தால் சர்வர் உள்ளே விடாது. கடைசிப் பெயர் மாமாவுடையது. நானே ஏற்றியது.

2:40. ஓட்டினேன்.

மஞ்சள்.

உடனே என்னை வெளியே தள்ளியது. 'உங்களுக்கு அனுமதி இல்லை.'

பயப்படக்கூடத் தெம்பில்லை… பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். மனைவி தேறிவிட்டாள். நாற்பது சர்வரும் பழுதில்லாமல் ஓடினவாம். நான் அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

போன வாரம், என் இடத்துக்கு வந்த பெண் போன் செய்தாள்.

"அண்ணா, விலகினவங்க பட்டியல்ல உங்க பேரை மாமாதான் ஏத்தியிருக்கார். அவர் செத்த அன்னிக்கு, 2:40க்கு."

"2:10க்கே போயிட்டாரேம்மா."



"அது மட்டும் இல்லண்ணா… உங்க பேருக்குக் கீழ என் பேரும் இருக்கு. அதே தேதி, அதே நேரம். நான் வேலைக்குச் சேர்ந்தே ஒன்பது நாள்தான் ஆகுது."