முனை இல்லாத கத்தி

என்னிடம் பதினேழு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துண்டில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். பெண்ணுக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் சரியான பதில் தெரியாது. கல்லூரிக்குப் பொன்னேரி போய்வந்த நாட்களில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் மீன் வடிவத்தில் பித்தளைப் பிடி போட்ட ஒரு பென்சில் கத்தியைப் பார்த்தேன். அதை வாங்கியதில் தொடங்கியது. பிறகு வெற்றிலைக் கடைக்காரரின் பாக்குக் கத்தி, பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் வேண்டாமென்று கொடுத்த பச்சைப் பிடிக் கத்தி என்று சேர்ந்துகொண்டே போயிற்று. "இந்த டப்பா இருக்கற வூட்டுக்குத் திருடன் வந்தா அவனுக்குத்தான் பயம்" என்பார் என் கணவர்.

நான் உண்மையில் தேடியது ஒரே ஒரு கத்தியை. என் நைனாவின் படகில் அது இருந்தது. மாட்டுக்கொம்புப் பிடி, பிடியின் கடைசியில் கயிறு கோக்க ஒரு செம்பு வளையம். அலகுக்கு முனை கிடையாது, நுனி சதுரமாக வெட்டியதுபோல் இருக்கும். ஆடுகிற படகில் கூர்முனைக் கத்தியைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் தன் தொடையையோ பக்கத்தில் இருப்பவர் தொடையையோ குத்திவிடும். அதனால்தான் அந்த மாதிரி. நான் ஒன்பதாவது படிக்கும்போது அது ஏரியில் விழுந்துவிட்டது. "போனா போவுது" என்று சொல்லிவிட்டு நைனா பிளாஸ்டிக் பிடிக் கத்தி ஒன்று வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

ஊரில் அதை ஒல்லாந்தர் கத்தி என்பார்கள். பழவேற்காட்டில் வயது தெரியாத பொருளெல்லாம் ஒல்லாந்தர் பொருள்தான். பெரிய செங்கல், உடைந்த ஜாடி எல்லாமே. நான் வரலாறு படித்தவள், அப்படி எளிதில் நம்பிவிட மாட்டேன். ஆனால் இல்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அதே மாதிரி இன்னொன்றைப் பத்து வருடம் தேடினேன், கிடைக்கவில்லை.

கோட்டைக்குப்பத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அண்ணியுடையது. என் கணவரின் அக்கா அவர், மார்க்கெட்டில் மீன் விற்கிறார். மகள் பிறந்ததும் அண்ணி சொல்வதற்கு முன்பே டப்பாவைத் துணியால் இறுக்கிக் கட்டி பீரோ மேல் ஏற்றிவிட்டேன். குழந்தைக்கு அப்போது கழுத்துகூட நிற்கவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன், பார்ப்பதால் தூக்கம் கெடுமோ என்று விரலை எடுத்துவிடுவேன்.

குழந்தை தூக்கத்தில் பதறும். இரண்டு கையையும் விரித்துத் துள்ளும். இது எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதான், நாலைந்து மாதத்தில் தானாக நின்றுவிடும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அண்ணியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில், குழந்தை நனைத்துவிட்ட புடவை மெத்தையைத் துவைக்க எடுத்தேன். அடி மடிப்பிலிருந்து ஒரு கத்தி விழுந்தது.

குழந்தையைத் தூக்கி உள்ளங்கை, தொடை, முதுகு எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அதன் பிறகுதான் தரையில் கிடந்ததைப் பார்த்தேன். கொம்புப் பிடி. செம்பு வளையம். விரியாதபடி வலை பின்னும் நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றி வலை முடிச்சுப் போட்டிருந்தது.

மதியம் அண்ணி காலி அன்னக்கூடையோடு வரும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.

"இன்னாமே, கரண்டு ஷாக் அடிச்ச மாரி நிக்கிற?"

"கத்திய குழந்தைகிட்ட யார் வச்சது அண்ணி?"

"நான்தான். கொயந்த பதறுதுல்ல? இரும்பு வைக்காம வுடுவாங்களா?"

"குழந்தை கையில மாட்டியிருந்தா?"

"மூணு மாசத்துக் கொயந்த நூலை அறுத்து, கத்திய விரிச்சு, உன்ன வெட்ட வந்துடுமா? எப்புடிக் கட்டியிருக்குதுன்னு பாத்தியா இல்லியா?" கூடையை இறக்கினார். "உன் டப்பாவத்தான் மொதல்ல தொறந்தேன். அத்தினியும் மூக்கு நீண்டது. எவளாவது கொயந்த பக்கத்துல அத வைப்பாளா? முனை இல்லாதது ஏரிக்கு அந்தாண்ட பசியாவரத்துல ஒரு வூட்டுலதான் கீது. படகு புடிச்சுப் போயி வாங்கியாந்தேன்."

"விலைக்கா?"

"இரவல்தான். அவங்க மருமவ மாசமா கீறா. பெத்தா திருப்பிக் குடுத்துடணும்."

டப்பாவை அவர் திறந்ததற்குக் கோபப்படலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் கால் கழுவப் போய்விட்டார்.

நாலு நாள் கத்தி மெத்தையிலேயே இருந்தது. குழந்தைக்குத் துணி மாற்றும்போதெல்லாம் பிடியைத் தடவிப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் குழந்தைக்குத் தடுப்பூசி. போட்டுக்கொண்டு வந்ததும் தூங்கிவிட்டாள். வீட்டில் யாரும் இல்லை. இரும்பு பதற்றத்தை நிறுத்தாது என்பது எனக்குத் தெரியும். நிறுத்தாத இரும்பு எந்த இரும்பாக இருந்தால் என்ன? பழைய பூட்டு ஒன்றை மெத்தையில் வைத்துவிட்டு, கத்தியை எடுத்து நூலை வெட்டினேன்.

அலகு சுலபமாக விரியவில்லை. இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். வந்தது. நுனி சதுரம்தான். விளிம்பு கறுத்திருந்ததே தவிர அரிக்கவில்லை. பத்து வருடம் தேடியது மடியில் இருந்தது. பெரிய மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. சரியாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. திருப்பிக் கொடுக்கும்போது என் டப்பாவில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, பதிலுக்கு இதைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்டால் தருவார்கள் என்றும் தோன்றியது. வேட்டித் துண்டில் சுற்றி டப்பாவில் பதினெட்டாவதாக வைத்தேன்.

சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. ஊசி போட்ட அன்று சுடும் என்று நர்சம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் தந்த காய்ச்சல் சொட்டு மருந்தைக் கொடுத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். அதோடு இருந்திருக்கலாம். பீரோ மேலிருந்து டப்பாவை இறக்கினேன். கத்தியை மடக்கி, கையில் கிடைத்த நூலால் சுற்றி, முடிச்சுப் போட்டு, பூட்டை எடுத்துவிட்டு மெத்தைக்கடியில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் சூடு தணிந்தது. எதனால் தணிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு கத்தியை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாவது மாதம் பதறுவது நின்றது. அந்த வாரமே பசியாவரத்தில் பிள்ளை பிறந்த செய்தி வந்தது. நானும் அண்ணியும் குழந்தையோடு படகில் போனோம். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பித்தளை மீன் கத்தியையும் பையில் எடுத்துவந்திருந்தேன்.

அந்த வீட்டு அம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு. நான் கத்தியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை, தரையைக் காட்டினார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பதை நான் மறந்திருந்தேன். கீழே வைத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யார் போட்ட முடிச்சு இது? ஷூ லேஸ் கட்டற மாரி கட்டி வச்சிருக்குது."

நான் தலை குனிந்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

"அதுவா? எங்க வூட்டுப் பொண்ணு ஸ்கூலுக்குப் போச்சு, வலைக்குப் போவல" என்றார். "அன்னிக்கே பாத்தேன். வுட்டேன். அவ்ளோ இறுக்கிக் கட்டுனவ இன்னா பயந்தாளோன்னு."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே என் நூலை அறுத்தார். புதுக் குழந்தைக்குப் புது நூல்தான் கட்டுவார்களாம். அலகை ஒருமுறை விரித்து மடக்கினார். "எண்ணெ விட்டிருக்கியா? நல்லா வேல செய்யுதே" என்றார். பிறகு பேச்சு நிற்காமலே சுற்றி, கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போட்டார். பையிலிருந்த மீன் கத்தியை நான் அதற்குள் தொட்டிருந்தேன். இப்போது கேட்டால்தான் உண்டு.

அந்த அம்மா எங்களை உள்ளே அழைத்துப்போனார். அவர் மருமகள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பிறந்து ஆறு நாள். என்னைவிடச் சிறியவள். இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை கையை விரித்துத் துள்ளியது. அவளும் கூடவே துள்ளினாள்.

"அக்கா, நீங்க படிச்சவங்களாம்" என்று மெதுவாகக் கேட்டாள். "இத வச்சா நெசமாவே நிக்குமா?"

அண்ணியும் அந்த அம்மாவும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நாலஞ்சு மாசத்துல தானா நின்னுடும்" என்றேன். "அது வரைக்கும் இத வச்சுக்கோ. ஊசி போட்ட அன்னிக்கு உடம்பு சுட்டா மட்டும் மறக்காம காய்ச்சல் சொட்டு மருந்து குடு."

அவள் குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அந்த அம்மா கத்தியைத் தரையில் வைத்தார். நான் எடுத்து உள்ளே தள்ளினேன். தலைப்பக்கம் இல்லாமல், கால்பக்கமாக.

என்னிடம் இப்போதும் பதினேழுதான்.