புல்தரை காய்ந்த விவகாரம்

அந்த ஏழு மாடி அலுவலகத்தில் குழாய்ப் பழுது பார்க்கும் அவருக்குப் பெயர் வாஷர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அது அங்கேயே கிடந்தது. குழாய் ஒழுகுகிறது என்று யார் வந்து நின்றாலும், போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே, “வாஷர் போயிருக்கும்” என்பார். இருபத்திரண்டு வருடத்தில் பத்துக்கு ஒன்பது தடவை வாஷர்தான் போயிருந்தது.

தண்ணீர்ச் சிக்கனக் குழு அமைத்தபோது அவரை யாரும் கூப்பிடவில்லை. நிர்வாக மேலாளர் அம்மா தலைவர். கணக்குப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் இருந்து உறுப்பினர்கள். குழு முதல் வேலையாகச் சுவரொட்டி அடித்தது. கட்டடத்தின் பின்புறத்துப் புல்தரையைப் படமெடுத்து, ‘குறைந்த நீர், நிறைந்த பசுமை’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டார்கள். கொளுத்தும் வெயிலிலும் அந்தப் புல் பச்சைப் பசேலென்று இருந்தது உண்மை. அதற்காகத் தோட்டக்காரருக்கு இரண்டு வருடமாகப் பாராட்டுச் சான்றிதழ். ஆனால் அவர் ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்து வாஷர் பார்த்ததே இல்லை.

சுவரொட்டியை ஒட்டும் வேலை வாஷர் தலையில் விழுந்தது. கழிப்பறை கழிப்பறையாக ஏறி இறங்கி ஒட்டினார். ஒட்ட ஒட்ட அந்தப் படம் அவர் மண்டையைக் குடைந்தது. விடுமுறை நாளன்று, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு அலுவலகம் போனார். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. ஆனால் வாசலில் இருந்த தண்ணீர் மீட்டரின் சிவப்பு முள் சுற்றிக்கொண்டே இருந்தது.

நீளமான இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, புல்தரையை அடி அடியாகக் கேட்டுக்கொண்டு போனார். மதிலோரம் மண்ணுக்குள் உஸ்ஸென்று சத்தம். அரை மணி நேரம் தோண்டியதில் குழாய் தெரிந்தது. இணைப்பு விட்டுப்போய், விரல் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டு ஞாபகமே போய்விட்டது.

பின்பக்க அறையில் தங்கியிருந்த தோட்டக்காரர் மண்வெட்டிச் சத்தம் கேட்டு வந்தார். குழியைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

“அண்ணே, இது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“தண்ணி வீணாப் போகுதேப்பா.”

“வீணா எங்க போகுது? புல்லுக்குத்தானே போகுது.”

அதிலும் ஒரு நியாயம் இருக்கிறதோ என்று வாஷர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வால்வை மூடிவிட்டு வந்து, குழிக்குள் இறங்கி இணைப்பை மாற்றினார். அன்றோடு தோட்டக்காரர் அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாதக் கடைசியில் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்திருந்தது. எல்லாம் சுவரொட்டியின் வெற்றி என்று குழு கொண்டாடியது. ஊழியர்கள் கை கழுவும் பழக்கமே மாறிவிட்டதாக மனிதவளப் பிரிவு அறிக்கை எழுதியது. வாஷர் பழுதுப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். அதை யாரும் புரட்டவில்லை. தானே போய்ச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

அடுத்த மாதம் புல் மஞ்சளித்தது. சிக்கனத்தை நேரில் காண மேலிடத்திலிருந்து ஆட்கள் வரவிருந்த சமயம் அது. மேலாளர் அம்மா வாஷரைக் கூப்பிட்டனுப்பினார். தோட்டக்காரர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க ஏதோ தோண்டுனீங்களாமே. அதுக்கப்புறம்தான் புல்லு செத்துச்சுன்னு இவர் சொல்றாரு.”

வாஷர் மீட்டர் முள்ளில் ஆரம்பித்து இணைப்பு வரை எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் அம்மா புத்திசாலி, பாதியிலேயே விளங்கிவிட்டது. மேசைமேல் இருந்த மனிதவள அறிக்கையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“பதிவேட்டுல எழுதியிருக்கேன்மா.”

“அது போதும். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் ரெண்டு வேளையும் புல்லுக்கு ஹோஸ் போட்டு ஊத்துங்க.”

அப்படியாக, வாஷர் மிச்சப்படுத்திய தண்ணீரை வாஷரே கொண்டுபோய்ப் புல்லில் கொட்டினார். எந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோட்டக்காரர் நிழலில் நின்று கைகாட்டினார். இருவருக்கும் மறுபடி பேச்சுவார்த்தை ஏற்பட்டது அதில்தான்.

வந்தவர்கள் புல்லைப் பார்த்து வியந்து, குழுவுக்குக் கேடயம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேலாளர் அம்மாவுக்கு மனசு உறுத்தியதோ என்னவோ, வாஷரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். முதல் கூட்டத்தன்று மனைவி அவருக்கு இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் பதினொரு மணிக்கு. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, அவர் மோட்டாரை நிறுத்துகிற நேரமும் அதுதான். புதிய பதவியின் மிதப்பில் அது மறந்துபோனது. இரண்டாவது சுவரொட்டி நீலமா பச்சையா என்று விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

“நல்ல மழை” என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வாஷர் யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுந்து ஓடினார்.

உறுப்பினர் ஒருவர் பாதியில் வெளியேறியதாகக் கூட்டக் குறிப்பில் பதிவானது. அதன்பிறகு அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. மனைவிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அவருக்கு அப்பாடா என்றிருந்தது.